ரிபாவிரினை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா?

கேள்வி: டோம்பிவிலித் தம்பி, 3 ஜூன் 2024

அப்பாவுக்கு 58 வயது. ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக் கடை. வயிற்றில் நீர் கோத்துக் கால் வீங்கிய பிறகுதான் ஹெபடைடிஸ் சி என்றே தெரிந்தது. கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். நீர் வடிவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அது கொஞ்சம் வடிந்ததும், மே 13 முதல் வைரஸை ஒழிக்க சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரை தினமும் ஒன்று, கூடவே ரிபாவிரின் இரண்டு வேளை. மொத்தம் 12 வாரம். மூன்று வாரத்திலேயே ஆள் பாதியாகிவிட்டார். தலைவலி, அரிப்பு, ராத்திரி தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். ஊரிலிருந்து பெரியப்பா, "எல்லாம் மாத்திரைச் சூடு. ஒரு வாரம் நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி அரைத்துக் கொடு, உடம்பு தேறியதும் தொடரலாம்" என்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. யாராவது அப்படி நிறுத்தித் தொடர்ந்திருக்கிறீர்களா?

3 ஜூன், இரவு

தம்பி, நிறுத்தாதீர்கள். இன்று ராத்திரி மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்துவிடுங்கள். மற்றதை விடிந்ததும் எழுதுகிறேன். அதற்குள் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கடைசியாக ஹீமோகுளோபின் எப்போது பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

4 ஜூன், காலை

நான் மும்பை ஆன்டாப் ஹில்லில் இருக்கிறேன். 1997இல் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள். நம் நாட்டில் ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2000களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ஏற்றிய ரத்தத்தில் எது இருந்தது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு 2019இல், வேறொரு ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த பரிசோதனையில் தெரியவந்தது. கல்லீரல் சுருங்கியிருக்கவில்லை. அதனால் சோஃபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் மட்டும் 12 வாரம், அரசாங்கத் திட்டத்தில் இலவசமாக. தலைவலி வந்தது, முதல் சில வாரம் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, மதியம் ஆனால் உடம்பு சோர்ந்து விழும். அவ்வளவுதான். என் கதையை வைத்து உங்கள் அப்பாவை எடைபோடக் கூடாது, அவருக்குக் கூடுதலாக ரிபாவிரின் இருக்கிறது.

ரிபாவிரினை நான் பார்த்தது என் அண்ணனிடம். அவர் 2008இல் பழைய சிகிச்சை எடுத்தவர். வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின், 48 வாரத்துக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி போட்டுக்கொள்வார், காய்ச்சலும் நடுக்கமும் சனி ஞாயிறில் போகட்டும், திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டுமே என்று. ஊசியின் கொடுமை தனி. ஆனால் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது ரிபாவிரினால்தான். அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஹீமோகுளோபின் இறங்கும், அதுவும் முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்த இடத்தில்.

அப்படியென்றால் அதை ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அப்பாவைப்போல நீர் கோத்த நிலைக்குப் போனவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2015இல் முடிவு வந்தது. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் மட்டும் 12 வாரம் எடுத்தவர்களில் 100க்கு 83 பேருக்கு வைரஸ் போனது. ரிபாவிரினும் சேர்த்து எடுத்தவர்களில் 94 பேருக்குப் போனது. ரிபாவிரின் இல்லாமல் 24 வாரம் நீட்டினால் 86. அந்தப் பதினோரு பேரில் ஒருவராக அப்பா இருக்கட்டும் என்றுதான் அந்த மாத்திரை.

ரிபாவிரின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வழி இருக்கிறது. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனால் டோஸைக் குறைப்பார்கள், 8.5க்குக் கீழே போனால் அதை மட்டும் நிறுத்துவார்கள். சோஃபோஸ்புவிர் மாத்திரை தொடரும். அதை டாக்டர் செய்யவேண்டும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் செய்யவேண்டும். நாமே எல்லாவற்றையும் ஒரு வாரம் நிறுத்தினால், அடங்கிக்கொண்டிருந்த வைரஸுக்கு மறுபடி பெருக இடம் கொடுக்கிறோம். திரும்ப வரும்போது அது அதே மாத்திரைக்கு மசியாத வைரஸாகவும் இருக்கலாம்.

தலைவலிக்கு ப்ரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி எதுவும் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், நீர் கோத்தவர்களுக்குச் சிறுநீரகம் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்கலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு, நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல். அரிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள், வெந்நீரில் குளிக்கவேண்டாம்.

4 ஜூன், மாலை 6 மணி

உங்கள் பதிலை இப்போதுதான் படித்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ராத்திரி தூங்கவில்லை என்று மட்டும்தான் முதலில் எழுதியிருந்தீர்கள். பகல் முழுக்கத் தூங்குகிறார், ராத்திரி விழித்துக்கொண்டு நடக்கிறார், கடையில் 50 ரூபாய்க்கு 500 ரூபாய்ச் சில்லறை கொடுத்தார், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார், நான்கு நாளாக வயிறு போகவில்லை. இதெல்லாம் ரிபாவிரின் பண்ணுகிற வேலை இல்லை தம்பி. கல்லீரல் வடிகட்ட வேண்டியது வடிகட்டப்படாமல் மூளைக்கு ஏறுகிறது. காலை வரை காத்திருக்க வேண்டாம். இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கையைப் போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தச் சொல்வதுபோல நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கை படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒழுங்காகப் பிடித்தாலும் போய்த்தான் ஆகவேண்டும்.

தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. யார் சொன்னாலும்.

கேஸ் பேப்பர், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும், வைரஸ் மாத்திரை டப்பாவும் கையோடு போகட்டும். அங்கே சேர்த்துக்கொண்டாலும் அந்த மாத்திரை விட்டுப்போகக் கூடாது.

6 ஜூன்

தெளிந்துவிட்டார், பெயரும் தேதியும் சரியாகச் சொல்கிறார் என்று தம்பி எழுதியிருக்கிறார். நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காக. குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் கழிக்கவேண்டும். சுருங்கிய கல்லீரல் கழிக்காது, அது ரத்தத்தோடு மூளைக்குப் போய்விடும். மலச்சிக்கல், ஏதாவது தொற்று, நீர் மாத்திரையால் உடம்பு வற்றிப்போவது, தூக்க மாத்திரை, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு, இவற்றில் ஒன்று பெரும்பாலும் தூண்டிவிட்டிருக்கும். லாக்டுலோஸ் என்ற இனிப்பு சிரப் கொடுத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகவைப்பார்கள். அந்த எண்ணிக்கையைத்தான் வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் சிரப்பைக் கொஞ்சம் கூட்டவேண்டும், ஏழெட்டு முறை தண்ணீராகப் போனால் குறைக்கவேண்டும்.

கோபம், தூக்கமின்மை, மறதி மூன்றும் ரிபாவிரினாலும் வரும், மூளைக்கு ஏறும் இந்த அம்மோனியாவாலும் வரும். வீட்டில் இருக்கிற நமக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் "பக்கவிளைவு, பொறுத்துக்கொள்ளலாம்" என்று நாமே தீர்மானிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கும், எங்கள் அண்ணனும் அப்படித்தான். ஆனால் இந்த நோயில் வாயைத் திறந்து சொல்கிறவன்தான் சிகிச்சையை முடிக்கிறான்.

அப்பா உங்களைத் திட்டியதை மனதில் வைக்காதீர்கள். அன்றைக்குப் பேசியது அவர் இல்லை.

9 ஜூன்

கீழாநெல்லி பற்றிச் செம்பூர் நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். எங்கள் பாட்டி மோரில் அரைத்துக் கொடுத்து நானும் குடித்திருக்கிறேன், அந்தக் கைமேல் எனக்கு மரியாதை உண்டு. ஊரில் மஞ்சள் காமாலை என்று வருவதில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. அது பெரும்பாலும் எதையும் குடிக்காவிட்டாலும் சில வாரத்தில் தானே போய்விடும். ஹெபடைடிஸ் சி அப்படியில்லை, இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்து கல்லீரலைத் தழும்பாக்கும். கோவிட் சமயத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி நம் மும்பை மருத்துவர்களே 2021இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். நல்ல கல்லீரலுக்கே அந்த நிலை என்றால், சுருங்கிய கல்லீரலில் எதையும் சோதித்துப் பார்க்க இடமில்லை. பெரியப்பாவிடம் சண்டை போடவேண்டாம். "12 வாரம் முடியட்டும் பெரியப்பா" என்று சொல்லிவிடுங்கள்.

சூடு என்று அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. ஜூன் மாதத்து மும்பைப் புழுக்கத்தில் மாத்திரை சாப்பிடாதவனுக்கே தலை வலிக்கிறது. மோர் கொடுங்கள், உப்புப் போடாமல். இளநீர் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள், சில நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடாம் நான்கையும் கண்ணில் காட்டாதீர்கள். பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்தியிருக்கிறீர்களே, அது வேண்டாம். இந்த நிலையில் தசை கரைந்துபோகும், புரதம் வேண்டும். ராத்திரி படுக்கும் முன் ஏதாவது ஒரு கைப்பிடி வயிற்றில் இருக்கவேண்டும். இட்லிக் கடைக்காரருக்கு ஒரு இட்லி கிடைக்காதா?

காபி கேட்டிருந்தார் அல்லவா, கொடுக்கலாம். காபி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் வேண்டாம், இருக்கிற தூக்கமும் போய்விடும்.

15 ஜூன்

ஹீமோகுளோபின் 9.6. ரிபாவிரினைக் குறைத்துவிட்டார்கள். தம்பி பயந்துபோய், "இனி வைரஸ் போகாதா அக்கா?" என்று கேட்கிறார்.

இதற்குப் பயப்படவேண்டாம். குறைப்பதும் சிகிச்சையின் உள்ளே இருக்கிற ஏற்பாடுதான், முக்கியமான மாத்திரை அப்படியே தொடர்கிறது. கண் லேசாக மஞ்சளித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சிவப்பணு உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறி அப்படித் தெரியும். இவர் நிலையில் கல்லீரலாலும் அது ஏறலாம், ஆகவே அடுத்த ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து டானிக் வாங்கி ஊற்றாதீர்கள், இது இரும்புக் குறைவால் வந்த சோகை இல்லை.

களைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கு ஹீமோகுளோபின் நன்றாகவே இருந்தது, அப்படியும் மதியம் இரண்டு மணிக்கு உடம்பிலிருந்து யாரோ ஆளையே உருவி எடுத்ததுபோல இருக்கும். படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் நிற்க முடியாது. வீட்டில் யாருக்கும் அது புரியாது, வெளியே பார்க்க நான் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். கவனம் தேவைப்படும் வேலை எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுவது, மதியத்துக்குக் கையோடு செய்கிற சின்ன வேலையை மட்டும் வைத்துக்கொள்வது, சாயங்காலம் வெயில் இறங்கியதும் மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஒரு நடை. நடந்த நாள்களில் தூக்கம் கொஞ்சம் வந்தது. அப்பா கடைக்குப் போகட்டும், ஆனால் மாவு அரைப்பது, பாத்திரம் தூக்குவது வேண்டாம். உட்கார்ந்து கல்லாவைப் பார்க்கட்டும், சில்லறையை நீங்கள் ஒருமுறை சரிபாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது கூட்டமான லோக்கலில் வரவேண்டாம். டோம்பிவிலியில் காலை எட்டு மணி வண்டியில் ஏறுவது திடமான ஆளுக்கே போராட்டம். முன்னாலேயே கிளம்பி வந்து ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வாசலில் உட்கார்ந்திருப்பது மேல்.

16 ஜூன்

மறந்துபோகும் முன் ஒன்று. வாயுவுக்குப் பிங்க் நிற சிரப் குடிக்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வெல்படாஸ்விர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அந்த சிரப்புக்கும் மாத்திரைக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரைகள், ஒமிப்ரசோல் வகையெல்லாம், டாக்டருக்குத் தெரியாமல் போடவே கூடாது.

இதேபோல, இதயத் துடிப்புக்கு அமியோடரோன், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமசிபின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் ஆரம்பிக்கும் முன்பே சொல்லியாகவேண்டும். முதலாவது ஆபத்து, துடிப்பு மிகவும் குறைந்துபோகலாம். மற்றவை மாத்திரையை வேலை செய்யவிடாது. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு வைரஸ் குறையக் குறையச் சர்க்கரையும் இறங்கலாம், தாழ்சர்க்கரை வராமல் பார்க்கவேண்டும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். சி போகும்போது பி கிளம்பலாம்.

கல்யாண் தங்கை தனியாகக் கேட்டதற்கு இங்கேயே சொல்கிறேன், பலருக்கும் உதவும். கணவர் ரிபாவிரின் எடுக்கிறார் என்றால், எடுக்கும் காலத்திலும் முடிந்து குறைந்தது 6 மாதம் வரையிலும் கரு தங்கக் கூடாது. கருவுக்கு அது கெடுதல். நாள் தள்ளிப்போயிருந்தால் பதறாமல் நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.

23 ஜூன்

அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், அதுவும் பால்கனியில். வீட்டில் யார் செய்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

எனக்கும் செய்தார்கள். என் டம்ளரில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். தலைவலியைத் தாங்கினேன், குமட்டலைத் தாங்கினேன். அந்தப் புள்ளியைத்தான் தாங்க முடியவில்லை. சிகிச்சையின் பக்கவிளைவு எது என்று என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது அதைத்தான். பேத்தியைத் தூக்கப் போனால் மருமகள் கை முன்னால் வந்துவிடும். அவளைக் குறைசொல்லமாட்டேன், அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. என்னோடு ஓபிடிக்கு ஒருநாள் கூட்டிப்போனேன், அங்கிருந்த நர்ஸ் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பேசினார். அன்று சாயங்காலம் அந்த டம்ளரை அவளே தேய்த்துப் புள்ளியை எடுத்தாள்.

இந்த வைரஸ் ரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், இருமுவதால், ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதால் பரவாது. சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். சலூனில் புது பிளேடு போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள். இது நோய் இல்லாதவர்களுக்கும்தான்.

அப்பா எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றீர்களே, "நான் கை வைத்த இட்லியை ஜனங்கள் சாப்பிடலாமா?" என்று. தாராளமாகச் சாப்பிடலாம். சமைப்பவரால் இது பரவாது. கை வெட்டிக்கொண்டால் கட்டுப்போட்டுவிட்டு வேலை பார்க்கவேண்டும், எந்தச் சமையல்காரரும் செய்யவேண்டியதுதான். ஸ்டேஷன் வாசலில் விடியற்காலையில் ஊருக்கே இட்லி கொடுத்த மனுஷன் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

30 ஜூன்

மூன்றாவது டப்பா ஜூலை 8 அன்று தொடங்கவேண்டும். ஒரு டப்பாவில் 28 மாத்திரை, கடைசி நாள் வரை காத்திருந்து வாங்கப் போகாதீர்கள். மழை ஆரம்பித்துவிட்டது. சயான், குர்லா நடுவே தண்டவாளம் மூழ்கினால் உங்களுக்கு வழியே இல்லை. இந்த வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். கேள்வி கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், கொடுப்பார்கள்.

ஒருவேளை ஒரு நாள் மறந்துபோனால், வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே சாப்பிடலாம். அதைத் தாண்டிவிட்டால் அடுத்த வேளைதான், இரண்டாகப் போடக் கூடாது. சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியானால் இன்னொன்று. இது சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் மாத்திரைக்கு.

9 ஜூலை

நேற்று மழையில் சென்ட்ரல் லைன் படுத்துவிட்டது. காலையில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது உங்கள் டப்பாதான். வியாழக்கிழமையே வாங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் நிம்மதி.

28 ஜூலை

இன்று உலக ஹெபடைடிஸ் நாள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பரூக் பிளம்பெர்க்கின் பிறந்தநாள். சி வைரஸ் பிடிபட்டது 1989இல்தான். அதற்கு முன் "ஏயும் இல்லை பியும் இல்லை" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் கிடைத்தது.

இன்று அண்ணன் வீட்டில் சாப்பாடு. இன்டர்ஃபெரானை அவர் முடிக்கவில்லை. பாதிக்கு மேல் போனபின் மனம் உடைந்துபோய், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அந்த ஊசியே அப்படிச் செய்யும் என்று எங்களுக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறைய, நிறுத்திவிட்டார்கள். பிறகு வருஷக்கணக்கில் ஒன்றும் இல்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிருக்கு அனுமதி கிடைத்தது. ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். பேப்பரில் படித்துவிட்டு அண்ணன் மடித்து வைத்துவிட்டார். 2015இல் அதே மருந்து நம் நாட்டுக் கம்பெனிகளிடமிருந்து 28 மாத்திரை டப்பா சுமார் 20,000 ரூபாய்க்கு வந்தது. அண்ணி வளையலை வைத்து வாங்கினோம். அடுத்த வருஷம் அண்ணன் உடம்பில் வைரஸ் இல்லை. 2018இல் இதே ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது, எனக்கும் உங்கள் அப்பாவுக்கும் ஒரு பைசா இல்லாமல் கிடைத்தது. "நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இது இருந்திருந்தால்" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார். இன்று சொல்லவில்லை, பாயசம் நன்றாக இருந்தது.

7 ஆகஸ்ட்

12 வாரம் முடிந்தது. அப்பா கடைசி டப்பாவைத் தூக்கி எறியவே விடவில்லையாம், கடையில் மிளகாய்ப்பொடி போட்டு வைத்திருக்கிறாராம். நன்றாக இருக்கட்டும். கழுவிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

முடிந்த மறுநாளே உடம்பு துள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரிபாவிரின் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும். ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் ஏறும். எனக்கு முடிந்தபிறகு சில நாள் காரணமில்லாமல் அழுகை வந்தது. தினமும் ஒரு வேளைக்கு ஒரு காரியம் இருந்தது, அது போய்விட்டது, விடை இன்னும் வரவில்லை. அந்த நடுப்பட்ட காலம் கஷ்டம்தான். கடையில் அவரைக் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய விடுங்கள்.

லாக்டுலோஸை நிறுத்தக் கூடாது. வைரஸ் மாத்திரைதான் முடிந்தது.

8 நவம்பர்

வைரஸ் இல்லை!

அறிக்கையைப் படமெடுத்துப் போட்டதற்கு நன்றி தம்பி, ஆனால் பெயரும் கேஸ் நம்பரும் தெரிகிறது, எடுத்துவிடுங்கள். முடிந்து 12 வாரம் கழித்து எடுத்ததில் வைரஸ் இல்லையென்றால் குணம் என்றே சொல்வார்கள். கால் வீக்கமும் குறைந்திருக்கிறது, நீர் மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது வைரஸ் செய்தியைவிட எனக்கு அதுதான் சந்தோஷம்.

இனி வேறு எதற்காவது ஆஸ்பத்திரியில் கார்டு டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ் என்றே வரும். எதிர்ப்பொருள் உடம்பில் தங்கிவிடும், எனக்கும் அப்படித்தான். யாராவது அதைப் பார்த்துவிட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் இந்த வைரல் லோடு அறிக்கையைக் காட்டுங்கள், அதனால் இதன் நகல் இரண்டு வீட்டில் இருக்கட்டும். ரத்த தானம் மட்டும் செய்ய முடியாது. மறுபடி தொற்றவும் முடியும், ஒருமுறை வந்தது காப்பாற்றாது, தடுப்பூசியும் கிடையாது.

கல்லீரல் சுருங்கியது சுருங்கியதுதான், கொஞ்சம் தேறலாம். புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோனோகிராபி, உயிர் இருக்கும்வரை. உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபி எப்போது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குணமாகிவிட்டது என்று கேஸ் பேப்பரைக் கட்டிப் பரணில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அம்மாவுக்கும் உங்களுக்கும் பரிசோதனை. ஜூனிலேயே சொன்னேன், மழை முடியட்டும் என்றீர்கள், அப்புறம் கணபதி, அப்புறம் தீபாவளி. அம்மாவுக்கும் அந்தக் காலத்தில் ஊரில் கண்ணாடி சிரிஞ்சில் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்தான், அன்றைக்கே தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள்.